மறிக்க முடியாத மிருகங்கள்: ஒரு சீட்டு விளையாட்டை உருவாக்கியபோது கற்றவை

உயிரினங்களை இறக்கித் தாக்கும் சீட்டு விளையாட்டுகள் எல்லாவற்றிலும் ஒரு கட்டம் வந்தே தீரும். இந்தப் பக்கம் ஆறு, அந்தப் பக்கம் ஏழு என்று மிருகங்கள் வரிசை கட்டி நிற்கும். முதலில் தாக்குகிறவனுக்குத்தான் நட்டம் என்று இருவருக்கும் தெரியும். அதனால் யாரும் தாக்க மாட்டார்கள். ஆளுக்கொரு சீட்டு எடுப்பது, வரிசையில் இன்னொன்றை நிறுத்துவது, "உன் ஆட்டம்" என்பது. இப்படியே நாலைந்து சுற்று போனால் ஆட்டம் செத்துவிடும். நல்ல சீட்டுகள், நல்ல படங்கள், நல்ல கதை எல்லாம் இருந்தும் மேசையில் உயிர் இருக்காது.

இந்த முட்டுக்கட்டையை உடைக்கத்தான் சில உயிரினங்களுக்கு, தாக்குதலுக்குக் குறுக்கே நின்று மறிப்பவர்களிடமிருந்து நழுவும் திறனைக் கொடுக்கிறோம். பறக்கிறது, இருட்டில் மறைகிறது, தனி ஆளால் நிறுத்த முடியாதது என்று பல வகை. இந்தத் திறனைக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தால் எதிராளி உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பதைத் தவிர ஒன்றும் செய்ய முடியாது. குறைத்துக் கொடுத்தால் பழைய முட்டுக்கட்டையே திரும்ப வரும். எங்கள் விளையாட்டில் நாங்கள் அதிக நேரம் செலவழித்தது இந்த ஒரு விஷயத்தில்தான். தமிழில் இப்படி விளையாட்டு உருவாக்க நினைப்பவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலூகாவில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம். கேரளா என்றாலும் வீட்டிலும் கடைவீதியிலும் தமிழ்தான். விளையாட்டில் வரும் மிருகங்களும் தெய்வங்களும் பேய்களும் இந்தச் சுற்றுவட்டாரத்துக்குச் சொந்தமானவை: ஆனைமலையும் நெல்லியாம்பதியும் பாலக்காட்டுக் கணவாயும் தந்தவை. சீட்டை இறக்கக் கொடுக்க வேண்டிய செலவுப் பொருளுக்கு 'நீர்' என்று பேர் வைத்தோம். ஆழியாற்றில் எப்போது தண்ணீர் விடுவார்கள் என்று பார்த்துக்கொண்டே வளர்ந்த எங்களுக்கு வேறெதுவும் தோன்றவில்லை. ஆளுக்கு 20 உயிர். ஒவ்வொரு மிருகத்துக்கும் இரண்டு எண்: முதலாவது அடி, இரண்டாவது தாங்கும் வலு. 2/3 என்றால் இரண்டு அடிக்கும், மூன்று வாங்கினால் சாகும். இந்த அடிப்படை 1993-ல் ரிச்சர்ட் கார்ஃபீல்டு உருவாக்கிய 'மேஜிக்: தி கேதரிங்' விளையாட்டிலிருந்து வந்தது. இந்த வகை விளையாட்டு எல்லாமே ஏதோ ஒரு விதத்தில் அதற்குக் கடன்பட்டவைதான். நழுவும் திறன்களில் அவர்கள் எதை வைத்துக்கொண்டார்கள், எதைக் கைவிட்டார்கள் என்று பார்ப்பதே பெரிய படிப்பு.

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். மறிக்கவே முடியாத ஒரு மிருகம் 20 உயிரை முடிக்க எத்தனை தாக்குதல் வேண்டும்? அடி 1 என்றால் 20. அடி 2 என்றால் 10. அடி 3 என்றால் 7. அடி 4 என்றால் 5, அடி 5 என்றால் 4. ஒன்றிலிருந்து இரண்டுக்குப் போகும்போது பத்துத் தாக்குதல் குறைகிறது. நாலிலிருந்து ஐந்துக்குப் போகும்போது ஒன்றுதான் குறைகிறது. ஆகவே, நழுவும் மிருகத்துக்கு ஒவ்வொரு அடிக்கும் ஒரே விலை வைப்பது சரிவராது. கீழ்ப் படிகளில்தான் விலை கூட இருக்க வேண்டும். தரையில் நடக்கும் மிருகத்துக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, ஏனென்றால் அதன் அடி பெரும்பாலும் மறிப்பவன் மேல்தான் விழும். விலைப் பட்டியலை இரண்டாகவே வைத்துக்கொள்ளுங்கள், தரைக்கு ஒன்று, நழுவுவதற்கு ஒன்று. எங்களுக்குப் பாதிச் சண்டை இதிலேயே தீர்ந்தது.

பறத்தலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எந்த வயதுக்காரருக்கும் விளக்கம் இல்லாமலே புரிகிற ஒரே நழுவும் திறன் அதுதான். இருவாச்சிச் சீட்டை முதன்முதலாகப் பார்த்த பக்கத்து வீட்டுப் பையன், சீட்டின் எழுத்தைப் படிக்காமலே, "ஏனுங்ணா, இது பறக்குதுங்களே, என்ற கரடி எப்புடி மறிக்கும்?" என்று கேட்டான். அவ்வளவுதான், விதி அவனே சொல்லிவிட்டான். பறப்பதைப் பறப்பதுதான் மறிக்கும்.

ஆனால் பறத்தல் நல்ல திறனாக இருப்பதற்குக் காரணம் பறவை இல்லை, பறவையை எட்டிப் பிடிக்கும் தரைவாசி. மேஜிக்கின் முதல் தொகுப்பிலேயே ஒரு ராட்சதச் சிலந்தி உண்டு. பறக்காது, ஆனால் பறப்பதை மறிக்கும். அந்தத் திறனுக்குத் தனிப் பெயரே 2007-ல்தான் வந்தது, ஆனால் வேலை தொடக்கத்திலிருந்தே நடந்துகொண்டிருந்தது. எங்களுக்கு அந்த இடத்தில் பனையேறி கிடைத்தார். கொழிஞ்சாம்பாறையைச் சுற்றிப் பனைக்குப் பஞ்சமில்லை. உச்சியில் இருப்பவருக்குக் கழுகும் இருவாச்சியும் கைக்கெட்டும் தூரம். 3 நீர், 1/4, பறப்பதை மறிக்கலாம். அடி ஒன்றுதான், அதனால் அவரை வைத்து ஆட்டத்தை வெல்ல முடியாது. 2/2 இருவாச்சியை நாள் முழுக்க நிறுத்திவைக்க முடியும். பறவையை வடிவமைக்கும்போதே அதைத் தடுப்பவரையும் சேர்த்து வடிவமைத்தால் இரண்டு சீட்டுக்கும் மதிப்பு வரும்.

இன்னொன்று. பறக்கும் மிருகத்துக்குத் தாங்கும் வலுவைக் குறைவாகவே வையுங்கள். வலு கூடினால் அது தாக்கவும் செய்யும், வீட்டில் நின்று தரை மிருகங்களை மறிக்கவும் செய்யும். தாக்கப் போனால் வீடு காலி என்ற கவலை இருந்தால்தான் ஆடுகிறவர் யோசிப்பார்.

இனி ஒடியன். நான் அதிகம் பேச விரும்புவது இதைப் பற்றித்தான்.

பாலக்காடு, வள்ளுவநாடு பக்கத்தில் ஒடியன் கதை தெரியாத வயதானவர்கள் குறைவு. இருட்டில் எருதாகவோ எருமையாகவோ நாயாகவோ உருமாறி வழியில் நிற்பவன். எதிரே வந்தவர் பயந்தே போய்ச் சேர்ந்துவிடுவார் என்பார்கள். அந்தக் கதைகளில் எனக்கு ரொம்பப் பிடித்த ஒரு நுணுக்கம் உண்டு. ஒடியன் எடுக்கும் உருவத்தில் ஏதாவது ஒரு குறை இருக்கும். வால் இருக்காது, அல்லது ஒரு கால் குறையும். உற்றுப் பார்க்கத் தெரிந்தவன் கண்டுபிடித்துவிடலாம். மறைவதற்கு அவ்வளவு சக்தி இருந்தும் பிடிபட ஒரு வழி. இந்தக் கதையைக் கட்டியவர்களுக்கு விளையாட்டு வடிவமைப்பு கைவந்த கலையாக இருந்திருக்க வேண்டும்.

இந்த மாதிரி மிருகத்துக்கு மேஜிக்கில் பழைய முன்மாதிரி ஒன்று இருந்தது. எதிராளியிடம் காட்டுச் சீட்டு இருந்தால் மறிக்க முடியாது, சதுப்புச் சீட்டு இருந்தால் மறிக்க முடியாது என்று நிலத்தை ஒட்டிய திறன். 1993-லிருந்து இருந்த அதை 2015-ல் வழக்கமான திறன்களின் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். காரணத்தைக் கொஞ்சம் ஆடிப் பார்த்தாலே உணரலாம். எதிராளி காடு வைத்து ஆடுகிறாரா இல்லையா என்பது மேசையில் உட்காருவதற்கு முன்பே முடிவாகிவிட்டது. வைத்திருந்தால் அவர் கதி அதோகதி, இல்லாவிட்டால் அந்தத் திறன் வெறும் மை. ஆட்டத்துக்குள் இரண்டு பேராலும் எதையும் மாற்ற முடியாது.

ஆகவே ஒடியனுக்கு நிபந்தனையை ஆட்டத்துக்குள்ளேயே வைத்தோம். எதிராளியின் பக்கம் விளக்கு எரியாவிட்டால் ஒடியனை மறிக்க முடியாது. விளக்கு தனிச் சீட்டு அல்ல, தன் முறையில் 2 நீர் செலவழித்து யார் வேண்டுமானாலும் ஏற்றலாம். ஒடியனின் சொந்தக்காரர் தன் முறையின் தொடக்கத்தில் 3 நீர் கொடுத்து அதை அணைக்கலாம். ஒடியன் 2/1, விலை 3 நீர்.

இந்தச் சின்ன ஏற்பாட்டில் எவ்வளவு ஆட்டம் இருக்கிறது என்று எங்களுக்குக் காட்டியவர் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர். ஊரில் எல்லோருக்கும் அவர் 'மாஷ்'. சாயங்காலமானால் நண்பர்களோடு 'இருபத்தெட்டு' என்ற சீட்டாட்டம் ஆடுகிறவர். எங்கள் விளையாட்டைக் கற்றுக்கொள்ள அவருக்கு ஒரு டீ குடிக்கும் நேரம் போதும். எதிரே என் தம்பி முதல் ஒடியனை இறக்கினான். இளைஞர்கள் எல்லோரும் உடனே விளக்கேற்றுவார்கள். மாஷ் ஏற்றவில்லை. இரண்டு அடி வாங்கினார், மறுபடி இரண்டு. அந்த நீரில் தன் மிருகங்களை இறக்கிக்கொண்டே இருந்தார். "மாஷே, விளக்கு ஏத்தலையா?" என்று கேட்டதற்கு, "இருக்கட்டும்டா, எதுக்கு அவசரம்" என்றார். தம்பி தைரியம் வந்து இரண்டாவது ஒடியனை இறக்கினான், மூன்றாவதையும் இறக்கினான். கையில் நீர் மிச்சமில்லை. அப்போது ஏற்றினார் மாஷ். இரண்டு நீரில் மூன்று ஒடியனும் வெளிச்சத்துக்கு வந்தது. அணைக்க மூன்று நீர் சேர்ப்பதா, புது மிருகம் இறக்குவதா என்று தம்பி தவித்த அடுத்த சுற்றிலேயே ஆட்டம் கைமாறியது.

இருபத்தெட்டில் துருப்பைக் கவிழ்த்து வைத்திருப்பார்கள். கேட்ட சாதிச் சீட்டு கையில் இல்லாதவர், துருப்பைத் திறக்கச் சொல்லலாம். சொல்லியே ஆக வேண்டும் என்றில்லை. எப்போது திறக்கச் சொல்வது என்பதில்தான் அந்த ஆட்டத்தின் சாமர்த்தியம் முழுக்க. மாஷ் அதையே இங்கும் செய்தார். நழுவும் திறனுக்குப் பதில் இருந்தால் மட்டும் போதாது, அந்தப் பதிலுக்கு விலையும் வேண்டும், எப்போது கொடுப்பது என்ற தேர்வும் வேண்டும் என்று அன்றைக்கு எனக்கு உறைத்தது. அதன்பின் ஒவ்வொரு நழுவும் சீட்டையும் இந்த மூன்றையும் வைத்துத்தான் பார்க்கிறேன்.

அடுத்தது கொம்பன் யானை. 5 நீர், 4/4, இரண்டு பேர் சேர்ந்தாலொழிய மறிக்க முடியாது. மேஜிக்கில் இந்த மாதிரித் திறன் 2015-ல் நிரந்தர இடம் பிடித்தது. அதற்கு முன் அந்த இடத்தில் இருந்த திறன், மிருகத்தின் நிறத்தைப் பார்த்து யார் மறிக்கலாம் என்று முடிவு செய்யும். நிலத் திறனில் இருந்த அதே சிக்கல் அதிலும் இருந்தது. இரண்டு பேர் வேண்டும் என்பதில் அந்தச் சிக்கல் கிடையாது. எந்த எதிராளியிடமும் மிருகங்கள் இருக்கும், எத்தனை இருக்கிறது என்பதுதான் கேள்வி. ஆட்டத் தொடக்கத்தில் கொம்பன் கிட்டத்தட்ட மறிக்க முடியாதவன். மேசை நிரம்ப நிரம்ப அவன் மவுசு குறையும். திறன் தன்னைத்தானே சரிசெய்துகொள்கிறது.

நம்ம ஊர் ஆடுபுலி ஆட்டத்தில் இந்த யோசனை எப்போதிருந்தோ இருக்கிறது. மூன்று புலி, பதினைந்து ஆடு. தனி ஆட்டுக்குப் பின்னால் காலி இடம் இருந்தால் புலி தாண்டி வெட்டும். அதே கோட்டில் அடுத்த புள்ளியில் இன்னொரு ஆடு நின்றால் தாண்ட முடியாது. கோயில் திண்ணைகளிலும் பாறைகளிலும் இன்றைக்கும் இந்தக் கட்டம் செதுக்கி இருப்பதைப் பார்க்கலாம். தமிழில் விளையாட்டு செய்கிறவர்கள் அங்கே போய் நாலு ஆட்டம் ஆடிவிட்டு வருவது நல்லது.

கொம்பனைத் தடுக்கும் பதிலாகக் கும்கியை வைத்தோம். ஊருக்குள் இறங்கிய காட்டு யானையை விரட்ட டாப்ஸ்லிப் பக்கத்துக் கோழிகமுத்தி முகாமிலிருந்து கும்கிகள் வருவது இந்தப் பகுதியில் தெரிந்த சங்கதி. கும்கி 2/5, மறிக்கும்போது இரண்டு பேருக்குச் சமம். ஆனால் கும்கியைவிட மேசையை மாற்றியது ஒரு நீர் விலையுள்ள 'வேட்டு' சீட்டுதான். ஒரு மிருகம் இந்தச் சுற்றில் மறிக்கக் கூடாது, அவ்வளவுதான் அதன் வேலை. கொம்பன் இல்லாதபோது யாரும் சீந்தாத சீட்டு. எதிரே சரியாக இரண்டு மிருகம் நிற்கும்போது கொம்பனோடு சேர்ந்தால் ஒரு வேட்டு இரண்டு பேரையும் விலக்கியதாகிவிடும். நல்ல நழுவும் திறன் பக்கத்தில் உள்ள சாதாரணச் சீட்டுகளுக்கும் வேலை கொடுக்கும். உங்கள் திறன் அப்படி எதையும் எழுப்பிவிடவில்லை என்றால் அதை மறுபடி யோசியுங்கள்.

கீரிக்கு வேறு மாதிரி. தன்னைவிட அடி கூடிய மிருகம் அதை மறிக்க முடியாது. பெரியதின் காலிடுக்கில் ஓடிவிடும், சமமானதும் சிறியதும் பிடிக்கும். மேஜிக் 2016-ல் இப்படி ஒன்றைச் செய்து பார்த்தது, நிரந்தரமாக வைத்துக்கொள்ளவில்லை. கீரிக்கு மந்திரம் போட்டு அடியைக் கூட்டினால் நழுவும் திறன் சுருங்கிவிடுகிறது. பலப்படுத்த ஆசைப்படும் புது ஆட்டக்காரர்களுக்கு இது ஏமாற்றம். எங்களிடம் இது ஒரே ஒரு சீட்டில் இருக்கிறது, அது போதும்.

எதனாலும் மறிக்கவே முடியாது என்ற முழுத் திறனை நாங்கள் எந்த மிருகத்துக்கும் நிரந்தரமாகக் கொடுக்கவில்லை. 2011-ல் மேஜிக்கில் வந்த ஒரு சீட்டு இதற்குப் பாடம். விலை இரண்டு, அளவு 1/1, மறிக்க முடியாது, எதிராளியின் மந்திரம் எதுவும் அதைக் குறிவைக்கவும் முடியாது. பார்க்க அப்பாவி. அதன்மேல் ஆயுதமும் மந்திரமும் அடுக்கினால் எதிரே இருப்பவருக்குச் செய்ய எதுவும் மிஞ்சாது. மறிப்பது ஒரு வாசல், மந்திரத்தால் ஒழிப்பது இன்னொரு வாசல். இரண்டையும் ஒரே சீட்டில் பூட்டாதீர்கள். எங்களிடம் அஞ்சன மை என்று ஒரு மந்திரச் சீட்டு இருக்கிறது, போட்டால் அந்த ஒரு சுற்றுக்கு மட்டும் மிருகம் கண்ணுக்குத் தெரியாது. கடைசி அடிக்கு அது அருமையான ஆயுதம். ஆட்டம் முழுக்க எரிச்சல் தராது.

1997-ல் அவர்கள் செய்த நிழல் மிருகங்களையும் இங்கே சொல்ல வேண்டும். நிழலை நிழல்தான் மறிக்கும், நிழலால் மற்றவற்றை மறிக்கவும் முடியாது. ஒருவரிடம் நிழலும் மற்றவரிடம் தரையும் இருந்தால் இரண்டு படையும் ஒன்றையொன்று பார்க்காமலே கடந்து போகும். யார் முதலில் 20-ஐ முடிக்கிறார் என்ற ஓட்டப்பந்தயம் மட்டும் மிஞ்சும். சிலருக்கு அது பிடிக்கும். எனக்கு எதிரே இருப்பவரின் முகத்தைப் பார்த்து ஆட வேண்டும்.

இரண்டு நழுவும் திறனை ஒரே மிருகத்தில் வைக்கும்போது இரண்டின் விலையையும் வெறுமனே கூட்டிப் போட்டால் போதாது, அதற்கும் மேலே போங்கள். எங்கள் யாளி பறக்கும், இரண்டு பேர் சேர்ந்துதான் மறிக்க முடியும். அப்படியென்றால் பறக்கும் மிருகமோ பனையேறியோ இரண்டு ஒரே நேரத்தில் எதிரே இருக்க வேண்டும். அது நடப்பது அபூர்வம். கொம்பனைப் போலவே 4/4, ஆனால் விலை 8 நீர். அதற்குக் குறைத்தால் மேசையில் வேறு சீட்டுக்கு வேலையில்லை.

விதியில் ஒரு வரியைத் தெளிவாக எழுதிவிடுங்கள்: நழுவ முடியுமா என்று பார்ப்பது மறிப்பவர்களை அறிவிக்கும் அந்தக் கணத்தில் மட்டும். மறித்த பிறகு மிருகத்துக்குச் சிறகு முளைத்தாலும் அது மறிக்கப்பட்டதுதான். விளக்கை நடுச்சண்டையில் ஏற்றலாமா என்ற கேள்வியும் இதோடு தீர்ந்துவிடும். இது இல்லாமல் எங்கள் மேசையில் நடந்த வாக்குவாதங்கள் தெருவரை கேட்கும். சீட்டில் எழுத்துக்குப் பதில் சின்னங்களும் உதவும்: இறகு, விளக்கு, இரட்டைக் கோடு. எங்களோடு ஆடுகிறவர்களில் நெம்மாறைப் பக்கத்து மலையாள நண்பர்களும் உண்டு, அவர்களுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. சின்னம் இருந்தால் யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை.

சோதனைக்குச் செலவு அதிகமில்லை. ஒரு சீட்டு 63 × 88 மில்லிமீட்டர். ஏ4 தாளில் ஒன்பது அடங்கும். சாதாரணத் தாளில் அச்சடித்து, வெட்டி, பிளாஸ்டிக் உறையில் பழைய சீட்டோடு செருகினால் போதும். கனத்த அட்டையில் அச்சடிப்பதெல்லாம் விலைகள் நிலைத்த பிறகு. ஒவ்வொரு ஆட்டத்திலும் ஒருவர் ஆடாமல் குறிப்பெடுக்கட்டும்: எந்தச் சுற்றில் எவ்வளவு அடி விழுந்தது, அதில் நழுவிய மிருகங்கள் கொடுத்தது எவ்வளவு. ஆட்டம் முடிந்ததும் தோற்றவரிடம் கேளுங்கள், எந்த இடத்தில் வேறு மாதிரி ஆடியிருக்கலாம் என்று. "மூணாவது சுத்துல வெளக்கு ஏத்தியிருக்கணும்" என்று சொன்னால் சீட்டு நன்றாக இருக்கிறது. "ஒண்ணும் பண்ணியிருக்க முடியாதுங்ணா" என்று வந்தால் அந்தச் சீட்டின் விலையையோ வாசகத்தையோ அன்றைக்கே திருத்துங்கள். ஜெயித்தவரிடம் கேட்காதீர்கள், அவருக்கு எல்லாச் சீட்டும் நல்ல சீட்டாகவே தெரியும்.

இப்போது சோதனையில் இருப்பது வரையாடு. செங்குத்துப் பாறையில் மற்ற மிருகங்கள் கால்வைக்கத் தயங்கும் இடத்தில் அது நடந்து போகும். எதிராளியைவிட உங்களிடம் மலைச் சீட்டுகள் அதிகம் இருந்தால் அதை மறிக்க முடியாது, 2 நீர், 2/2. மலையை இருவரும் இறக்கலாம், அழிக்கவும் சீட்டு உண்டு, ஆகவே கதவு திறந்துதான் இருக்கிறது. ஆனால் முதலில் ஆடுகிறவருக்கு ஒரு மலை கூடுதலாக இருந்துவிடுவதால் சாதகம் அவர் பக்கம் சாய்கிறது. 'ஒரு மலை அதிகம்' என்பதை 'இரண்டு மலை அதிகம்' என்று மாற்றி இந்த வாரம் ஆடப் போகிறோம்.